கினெக்டா, மூவா? விற்பனைக் கணக்கும் எங்கள் வீட்டு ஹோலும்

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிற சொந்தக்காரர், பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் சும்மா கிடக்கிற கேம் மெஷினைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போவது யாழ்ப்பாணத்தில் புதிதில்லை. எங்கள் வீட்டுக்கு எக்ஸ்பொக்ஸ் 360, உடம்பை அசைத்து விளையாட வைக்கிற கினெக்ட் என்ற துணைச் சாமானோடு அப்படித்தான் வந்தது. பிறகு மச்சான் ஒருவரிடமிருந்து பிளேஸ்டேஷன் 3, அதே மாதிரி வேலைக்கு உள்ள மூவோடு வந்தது. இரண்டையும் ஒரே ஹோலில், ஒரே ரிவியில், ஒரே ஆட்களை வைத்து விளையாடிப் பார்க்கக் கிடைத்தது. இன்றைக்கும் இவை பழைய சாமான் கடைகளில் கிடைக்கின்றன, எதை வாங்கலாம் என்று கேட்கிற ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதோடு 2010 இல் இந்த இரண்டில் எது அதிகம் விற்கும் என்று உலகம் முழுக்க நடந்த வாக்குவாதத்துக்கு, வீட்டுக்குள் நின்று பார்த்தால் என்ன பதில் வருகிறது என்றும் சொல்ல ஆசை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. நின்டென்டோ 2006 இல் வீ என்ற மெஷினை விட்டது. ரிவி ரிமோட் போன்ற ஒரு கைப்பிடி, அதை வீசினால் திரையில் மட்டை வீசும். அந்த மெஷின் 10 கோடிக்கு மேல் விற்றது. பிளேஸ்டேஷன் செய்கிற சோனி, எக்ஸ்பொக்ஸ் செய்கிற மைக்ரோசொப்ட் இரண்டு கம்பனிகளும் நாலு வருசம் கழித்து 2010 இல்தான் பதில் கொடுத்தன. சோனியின் மூவ் செப்டெம்பரில் வந்தது. அது கையில் பிடிக்கிற ஒரு கறுப்புத் தடி, நுனியில் நிறம் மாறி ஒளிரும் உருண்டை. ரிவியோடு வைக்கிற கமெரா அந்த உருண்டை எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை வைத்துத் தூரத்தைக் கணிக்கும், தடிக்குள் இருக்கிற சென்சர்கள் மணிக்கட்டு எப்படித் திரும்புகிறது என்று சொல்லும். மைக்ரோசொப்டின் கினெக்ட் நவம்பரில் வந்தது. கையில் ஒன்றும் பிடிக்கத் தேவையில்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறை முழுக்கத் தெளித்து, அவை எங்கே எப்படி விழுகின்றன என்று பார்த்து, ஆளின் தலை, கை, கால் எங்கே என்று அது கண்டுபிடிக்கும். இந்த நுட்பத்தைச் செய்து கொடுத்தது பிரைம்சென்ஸ் என்ற இஸ்ரேல் கம்பனி. 2013 இல் அப்பிள் அந்தக் கம்பனியையே வாங்கிவிட்டது.

முதலில் கினெக்ட். இதைப் போட்ட அன்றைக்கே வீட்டில் எல்லாரும் ரிவிக்கு முன்னால் நின்றார்கள். யாருக்கும் ஒன்றும் சொல்லிக் கொடுக்கத் தேவைப்படவில்லை. எந்தப் பட்டனை அமத்துவது என்ற கேள்வியே இல்லை, குதி என்றால் குதிக்கிறார்கள், குனி என்றால் குனிகிறார்கள். அக்காவின் சின்னவனுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கவே தெரியாத வயது, அவனும் திரையில் ஓடுகிற படகில் நின்று குதித்துப் புள்ளி எடுத்தான். வாழ்க்கையில் ஒரு கேம் கொன்ட்ரோலரைத் தொடாத சின்னம்மா இரண்டாவது ஆளாக வந்து நின்றார். இப்படி ஒரு சாமான் விற்காமல் இருந்தால்தான் அதிசயம்.

ஆனால் யாழ்ப்பாணத்து வீட்டுக்கு இது நினைத்துச் செய்யப்பட்ட சாமான் இல்லை. சின்னம்மா சீலையோடு நின்றபோது கினெக்டுக்குக் காலே தெரியவில்லை, திரையில் அவருடைய உருவத்தின் கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு அலைந்தன. சாரம் கட்டிக்கொண்டு நின்றாலும் இதே பிரச்சினைதான். துணி தொளதொளவென்று இருந்தால் உடம்பின் வடிவத்தை அது பிரித்தெடுக்கத் திணறும். காற்சட்டையோ உடம்போடு ஒட்டிய உடுப்போ போட்டால் உடனே சரி. அடுத்தது வெயில். எங்கள் ஹோலின் வாசல் மேற்குப் பக்கம். பின்னேரம் நாலு மணிக்கு மேல் வெயில் நேராக உள்ளே விழும், அந்த வெளிச்சத்திலும் அகச்சிவப்பு நிறைய இருப்பதால் கினெக்ட் தெளிக்கிற புள்ளிகள் அதற்குள் காணாமல் போய்விடும். "மாமா, என்ர கை எங்க போச்சு?" என்று சின்னவன் கத்துவான். கதவைச் சாத்தித் திரைச்சீலையை இழுத்துவிட்டால் கை திரும்பி வரும், ஆனால் சித்திரை மாதத்தில் கதவைச் சாத்திக்கொண்டு குதிப்பது என்ன பாடு என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

பிறகு இடம். ஒருவர் விளையாட ஏறத்தாழ 6 அடி, இருவர் என்றால் 8 அடி பின்னால் நிற்க வேண்டும், நடுவில் ஒன்றும் இருக்கக் கூடாது. பழைய நாற்சார வீட்டு ஹோலில் அல்லது விறாந்தையில் இது பிரச்சினையே இல்லை. திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் வாடகைக்கு இருக்கிற அறையில் கட்டிலும் மேசையும் போக 8 அடி எங்கே மிஞ்சப் போகிறது? வாங்குவதற்கு முதல் அளந்து பாருங்கள். குரலாலும் கட்டளை கொடுக்கலாம் என்பார்கள், தமிழ் அதற்குத் தெரியாது, அந்த வசதியை மறந்துவிடுங்கள்.

இன்னொரு குறை எனக்குப் பெரிய குறை. கையை அசைத்ததற்கும் திரையில் அசைவதற்கும் நடுவில் ஒரு தாமதம் இருக்கிறது. குதிக்கிற விளையாட்டிலும் ஆடுகிற விளையாட்டிலும் அது தெரியாது, ஏனென்றால் அந்த விளையாட்டுகளே அந்தத் தாமதத்தை நினைத்துச் செய்யப்பட்டவை. பந்தைக் குறிபார்த்து அடிக்கிற விளையாட்டில் நன்றாகத் தெரியும்.

மூவ் இதற்கு நேர் எதிர். முதல் நாள் யாருக்கும் அதில் பெரிய ஈர்ப்பு வரவில்லை. தடியை நேராகப் பிடி, இந்தப் பட்டனை அமத்து, தோளுக்குப் பக்கத்தில் வை என்று அளவு எடுக்கிற வேலை ஒவ்வொரு முறையும் இருக்கிறது, பிள்ளைகளுக்கு அதற்குள் பொறுமை போய்விடும். ஆனால் ஸ்போர்ட்ஸ் சம்பியன்ஸ் டிஸ்க்கில் இருக்கிற மேசைப்பந்தை ஒருதரம் ஒழுங்காக விளையாடிப் பாருங்கள். மட்டையைச் சாய்த்தால் சாய்கிறது, மணிக்கட்டைத் திருப்பிச் சீவினால் பந்து சுழல்கிறது, ரிவியை நோக்கி ஒரு அடி முன்னால் வைத்தால் ஆளும் முன்னால் போகிறது. பள்ளிக்கூடத்தில் மேசைப்பந்து விளையாடியவர்களுக்கு உடனே பிடிபடும். நான் இரவு வேலை எல்லாம் முடித்துவிட்டுத் தனிய விளையாடுவது இதைத்தான், இன்றைக்கும் அலுக்கவில்லை.

அம்மம்மாவுக்கு முழங்கால் வருத்தம், நிற்க ஏலாது. கினெக்டோடு வந்த விளையாட்டு நின்றுதான் ஆட வேண்டியது, அதில் அவருக்கு இடமே இல்லாமல் போய்விட்டது. மூவில் கதிரையில் இருந்தபடியே அம்பு எய்தார். அம்பு குறியில் பட்டதும் "மோனை, உது நான் அடிச்சதோ?" என்று கேட்டார். அன்றிலிருந்து எனக்கு மூவ் மேல் ஒரு தனி மரியாதை.

ஹோலில் இருட்டு இருந்தால் மூவுக்கு இன்னும் நல்லது, உருண்டை ஒளிர்வதால் கமெராவுக்கு அது தெளிவாகத் தெரியும். கவனிக்க வேண்டியது மேலே சுற்றுகிற ஃபேன். தாழ்வாகப் பூட்டிய ஃபேனுக்குக் கீழே நின்று கையை உயர்த்தி அடிக்காதீர்கள். மணிக்கட்டில் மாட்டுகிற கயிற்றையும் கட்டாயம் மாட்டுங்கள், வியர்த்த கையிலிருந்து தடி வழுக்கினால் நேராக ரிவிக்குத்தான் போகும்.

இனி விற்பனைக் கதை. மைக்ரோசொப்ட் கினெக்டை விடும்போது அந்த வருசத்துக்குள் 30 இலட்சம் போகும் என்றுதான் முதலில் கணித்திருந்தது, பிறகு அதை 50 இலட்சமாக உயர்த்தியது. வந்து 60 நாளில் 80 இலட்சம். ஒரு நாளைக்குச் சராசரியாக 133,333 என்று கின்னஸ் புத்தகத்திலும் ஏறியது, அவ்வளவு வேகமாக விற்ற மின்னணுச் சாமான் அதற்கு முதல் இல்லை என்று. சோனி நவம்பர் முடிவில் 41 இலட்சம் என்று அறிவித்தது. அந்த 41 இலட்சம் கடைகளுக்கு அனுப்பிய எண்ணிக்கை, வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போன எண்ணிக்கை இல்லை.

இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. கினெக்ட் ஒரு வீட்டுக்கு ஒன்று போதும், எத்தனை பேர் வந்தாலும் அதே ஒன்றுதான். மூவ் ஆளுக்கு ஒன்று வேண்டும். அம்பு எய்கிற மாதிரி விளையாட்டை இரண்டு கையாலும் ஆட வேண்டுமென்றால் ஒருவருக்கே இரண்டு. அப்படியானால் 41 இலட்சம் தடி என்பது 41 இலட்சம் வீடு ஆகாது, நிறையக் குறையும். விலையையும் பாருங்கள். கினெக்ட் 149.99 டொலர், விளையாட்டும் சேர்த்து. மூவ் தடி, கமெரா, விளையாட்டு மூன்றும் சேர்ந்த பெட்டி 99.99 டொலர், இரண்டாவது ஆளுக்குத் தடி இன்னொரு 49.99. இரண்டு பேர் விளையாட ஆசைப்பட்ட உடனே இரண்டு விலையும் ஒன்றாகிவிட்டது. மூவ் மலிவு, அதனால் அதுதான் விற்கும் என்ற வாதம் அந்த இடத்திலேயே விழுந்துவிடும்.

ஆனாலும் கினெக்ட் வென்றது விலையால் இல்லை. விளையாடத் தெரியாத ஆளை முதல் நாளே ரிவிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியதால்தான் வென்றது. எங்கள் ஹோலில் நடந்ததும் அதேதான். ஒரு துணைச் சாமான் எவ்வளவு விற்கும் என்று கணிக்க வேண்டுமென்றால், விளையாடுகிறவனைக் கேட்பதை விட அவன் வீட்டில் விளையாடாத ஆட்களைப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சரி, அவ்வளவு விற்றும் பிறகு ஏன் நிலைக்கவில்லை? இங்கேதான் முதல் இரண்டு மாதத்து எண்ணை வைத்துச் சொன்ன ஆரூடங்கள் பிழையாகிப் போயின. வீயின் கைப்பிடி மெஷினோடு பெட்டிக்குள்ளேயே வந்தது. அதற்கு விளையாட்டுச் செய்கிற கம்பனிக்கு, வாங்கின ஒவ்வொருவரிடமும் அது இருக்கிறது என்று தெரியும். தனியாக விற்கிற சாமானுக்கு அந்த உறுதி இல்லை. 2013 பெப்ரவரியில் மைக்ரோசொப்ட் சொன்ன கணக்கு: எக்ஸ்பொக்ஸ் 360 மெஷின் 7 கோடியே 60 இலட்சம், கினெக்ட் 2 கோடியே 40 இலட்சம். சாதனை படைத்த சாமான்கூட மூன்றில் ஒரு வீட்டுக்குத்தான் போயிருக்கிறது. மூவ் 2012 இறுதியில் ஒன்றரைக் கோடி, அதிலும் ஒரே வீட்டில் இரண்டு மூன்று. இதை நம்பி எந்தக் கம்பனி காசைக் கொட்டிப் பெரிய விளையாட்டு ஒன்றைச் செய்யும்? நல்ல விளையாட்டு வராவிட்டால் மிச்சப்பேரும் வாங்க மாட்டார்கள்.

மைக்ரோசொப்டுக்கு இது விளங்கியிருக்க வேண்டும். 2013 நவம்பரில் 360 க்கு அடுத்த மெஷினான எக்ஸ்பொக்ஸ் வன் வந்தபோது கினெக்டைப் பெட்டிக்குள்ளேயே போட்டு 499 டொலருக்கு விற்றது. பிளேஸ்டேஷன் 4 அதே மாதம் 399. அந்த 100 டொலர் வித்தியாசம் நன்றாகவே உறைத்தது, 2014 ஜூனில் கினெக்ட் இல்லாத பெட்டியை 399 க்கு விட்டார்கள். அத்தோடு கினெக்டின் கதை தளர்ந்து, 2017 இல் உற்பத்தியையே நிறுத்தினார்கள். தோற்றது என்று எல்லாரும் எழுதிய மூவ், 2016 ஒக்டோபரில் கண்ணில் மாட்டி விளையாடுகிற பிளேஸ்டேஷன் விஆர் வந்தபோது திரும்பி எழும்பியது. கண்ணாடியை மாட்டிக்கொண்டால் கையில் என்ன பிடிப்பது என்ற கேள்விக்குச் சோனியிடம் 2010 இலேயே செய்துவைத்த பதில் இருந்தது. அந்த வேலைக்குத் துல்லியம் வேண்டும், மூவிடம் அது இருந்தது.

இப்போது வாங்குகிறவர்களுக்கு. எக்ஸ்பொக்ஸ் 360 கினெக்ட் அந்த மெஷினுக்கு மட்டும்தான், எக்ஸ்பொக்ஸ் வன்னில் வேலை செய்யாது. பிந்தி வந்த மெலிந்த 360 இல் நேராகக் குத்தலாம், முதல் வந்த பெரிய 360 க்குத் தனி பவர் அடப்ரர் வேண்டும், அது இல்லாமல் கினெக்டை மட்டும் தந்தால் வாங்காதீர்கள். 2024 ஜூலையில் 360 இன் இணையக் கடையை மூடிவிட்டார்கள், இனி விளையாட்டு வாங்குவதென்றால் டிஸ்க்தான், ஆகவே மெஷினோடு டிஸ்க்குகளையும் கேட்டு வாங்குங்கள். கடையிலேயே மாட்டிப் பாருங்கள், தலை மேலும் கீழும் மோட்டாரில் அசைகிறதா என்று கவனியுங்கள்.

மூவில் பார்க்க வேண்டியது பற்றரி. உள்ளே லிதியம் பற்றரி, இத்தனை வருசத்தில் பல தடிகளில் அது செத்துவிட்டது. சார்ஜ் வயரைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் விளையாடிப் பார்த்துத்தான் காசைக் கொடுக்க வேண்டும். பழைய தடிக்கு மினி யூஎஸ்பி வயர், இப்போதைய ஃபோன் வயர் பொருந்தாது. தடிகளைப் பிளேஸ்டேஷன் 4 இலும் பாவிக்கலாம், ஆனால் பிளேஸ்டேஷன் 3 இன் கமெராவை அதில் பாவிக்க முடியாது, 4 க்கு உரிய கமெரா வேறு.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் மூன்று நாலு பேர், பெரிய ஹோல், அடிக்கடி ஆட்கள் வந்துபோகிற வீடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு கினெக்ட். விடுமுறைக்கு மச்சான், மச்சாள், பிள்ளைகள் எல்லாம் கூடினால் அது தருகிற சந்தோசத்தை மூவால் தர முடியாது. சின்ன அறை, ஒருவர் அல்லது இருவர், விளையாட்டை விளையாட்டாகவே நேசிக்கிற ஆள், அல்லது இருந்தபடி விளையாட வேண்டிய வயதானவர் இருக்கிற வீடு என்றால் மூவ். என்னிடம் ஒன்றைத்தான் வைத்திருக்கலாம் என்று சொன்னால் நான் மூவை வைத்துக்கொள்வேன், அக்காவின் பிள்ளைகள் என்னோடு கொஞ்சநாள் கதைக்க மாட்டார்கள்.

கனடா, அமெரிக்காவிலிருந்து எக்ஸ்பொக்ஸ் 360 வந்தால் அதன் கறுப்புப் பவர் பெட்டியில் என்ன வோல்ட் எழுதியிருக்கிறது என்று குத்துவதற்கு முதல் வாசியுங்கள். அங்கத்தைய பெட்டி நம்முடைய 230 வோல்ட்டைத் தாங்காது. ரான்ஸ்போமர் போட வேண்டும், அல்லது 230 வோல்ட்டுக்கு உரிய பவர் பெட்டி ஒன்றைத் தேடி எடுக்க வேண்டும். லண்டனிலிருந்து வருவதற்கு இந்தப் பிரச்சினை இல்லை.