முதல் பயணம் எங்கே: சியோலா, தெய்சேயா?

2027 ஆகஸ்ட் 3 முதல் 8 வரை தென் கொரியாவின் சியோலில் கத்தோலிக்க இளைஞர்கள் உலகெங்கிலுமிருந்து கூடும் உலக இளையோர் நாள். அதற்குப் போவதா, பிரான்சில் கிறிஸ்தவத் துறவியர் குழு வாழும் தெய்சே கிராமத்தில் ஒரு வாரம் செபத்தில் தங்குவதா?

சியோல் என்றால் பெருங்கூட்டம். 2023-ல் லிஸ்பனில் நடந்த இதே விழாவின் நிறைவுத் திருப்பலிக்கு ஏறக்குறைய 15 லட்சம் பேர் வந்தார்கள். அதற்கு முந்தின இரவு திறந்தவெளியில்தான் படுக்கை. மூட்டையைச் சுமந்துகொண்டு நெடுந்தூரம் நடக்கவும் வேண்டும். காலுக்குப் பழகிய ஷூ, ஸ்லீப்பிங் பேக், தண்ணீர் பாட்டில் கட்டாயம். புதுச் ஷூ வேண்டவே வேண்டாம், முதல் நாளே கொப்புளம் வந்துவிடும். கொரியாவில் ஆகஸ்ட் நல்ல புழுக்கம் வேறு. மறைமாவட்டக் குழுவோடு போவதே நல்லது.

தெய்சேயில் தினமும் மூன்று வேளை செபம், விவிலியப் பகிர்வு, அப்புறம் பாத்திரம் கழுவுவது மாதிரி வேலைகளும் உண்டு. ஷெங்கன் விசாவுக்கு (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குமான பொது விசா) முன்கூட்டியே அலைய வேண்டும், சரி. ஆனாலும் கூட்டம் கண்டு மிரள்பவர் முதலில் தெய்சேக்கே போகலாம்.