மேசை டிரில்லிங் மெஷின்: சில வருடம் ஓட்டிய பிறகு

என் வீட்டுப் பட்டறையில் இருப்பது 13 மி.மீ. சக் (துளையிடும் பிட்டைப் பிடிக்கும் தலை), அரை எச்.பி. மோட்டார், ஐந்து வேகம் கொண்ட பெஞ்ச் டிரில்லிங் மெஷின். இரும்புப் பட்டை, ஆங்கிள், இடையிடையே மரவேலை என்று சில வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. வாங்கப்போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எத்தனை எச்.பி. என்று. அதைவிட முக்கியம், அது எவ்வளவு மெதுவாகச் சுற்றும் என்பது.

மைல்ட் ஸ்டீலில் (சாதாரண இரும்பில்) ஹெச்எஸ்எஸ் எனும் கடின எஃகு பிட்டின் விளிம்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 25 மீட்டர் வேகத்தில் ஓடினால் நன்றாக வெட்டும். அந்தக் கணக்கில் 3 மி.மீ. பிட்டுக்கு 2600 ஆர்பிஎம் (நிமிடத்துக்குச் சுற்று) தேவை, 12 மி.மீ. பிட்டுக்கு 660 போதும், 40 மி.மீ. ஹோல்சாவுக்கு (பெரிய துளை வெட்டும் வட்ட ரம்பம்) 200தான். ஒரே ஜோடி புல்லியில் ஓடும் சிறிய மெஷின்கள் பல 500-க்குக் கீழே இறங்குவதில்லை. பெரிய பிட்டை அதில் போட்டால் முனை நீலமாகி மழுங்கிவிடும். இரும்பு வேலை அதிகம் என்றால் வேகத்தை இன்னும் குறைக்க நடுவில் மூன்றாவது புல்லி உள்ள மாடலைத் தேடுங்கள். மரவேலைக்கு இந்தக் கவலை குறைவு. அலமாரிக் கதவின் ஆட்டோ ஹிஞ்சுக்கு 35 மி.மீ. குழி எடுக்க என் மெஷினின் மிகக் குறைந்த வேகமே போதுகிறது, ஆழத்தை நிறுத்தும் ஸ்டாப்பரால் எல்லாக் குழியும் ஒரே அளவில் வருகிறது.

அடுத்தது ஆட்டம். கடையிலேயே கைப்பிடியை முழுக்க இறக்கி, சக்கைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கையில் தெரிகிற அளவு ஆட்டம் இருந்தால் வேண்டாம், துளை வட்டமாக வராது. பிறகு சக்கில் நேரான கம்பி ஒன்றை மாட்டி, டயல் கேஜ் (நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் கருவி) வைத்துக் கையால் சுற்றி, கம்பி விலகாமல் சுற்றுகிறதா என்று பார்க்கலாம். மேசையும் அடித்தளமும் வார்ப்பிரும்பா, வளைத்த தகடா என்பதையும் பாருங்கள். தகடு என்றால் அழுத்தும்போது மேசை தாழ்ந்து துளை சாய்கிறது.

சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டிலிலிருந்து தூண் வரை 10 செ.மீ. என்றால், 20 செ.மீ. அகலப் பலகையின் நடுவரைதான் எட்டும். மெஷின் பெயரில் போட்டிருக்கும் எண்ணை நம்பாமல் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

நம் ஊருக்கு அவசியமான ஒன்று, கரண்ட் போனால் தானே அணைந்து, திரும்ப வந்தாலும் நாம் அழுத்தாமல் ஓடாத ஸ்விட்ச். சாதாரண ஸ்விட்ச் உள்ள மெஷின், கரண்ட் வந்ததும் தானாகச் சுழல ஆரம்பிக்கும். அந்த நேரம் பிட் மாற்ற சக்கில் கை இருந்தால் என்ன ஆகும்! இது இல்லாத மெஷினுக்கு எலக்ட்ரீஷியனிடம் சொல்லி மாட்டிக்கொள்வது நல்லது.

டேப்பரில் (கூம்பு வடிவப் பொருத்தில்) செருகிய சக், மேலிருந்து கீழ் அழுத்தத்துக்கானது. பக்கவாட்டு விசை விழும் வேலைக்கு இந்த மெஷினைப் பயன்படுத்தினால் சக் கழன்று விழும். மீண்டும் மாட்டும்போது இரண்டு முகங்களிலும் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, தாடைகளை உள்ளிழுத்து, மரச்சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் போதும்.

பழைய பட்டறை மெஷின் மலிவாகக் கிடைத்தால், வாங்கும் முன் மோட்டாரைப் பாருங்கள். த்ரீ-பேஸ் என்றால் வீட்டுக்காக மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் சேர்த்துக் கட்டுப்படியானால், கனமான அந்த வார்ப்பிரும்பு உடலுக்காகவே எடுக்கலாம். எதை வாங்கினாலும் கூடவே மேசையில் போல்ட் போட்டு இறுக்கும் வைஸ் (பொருளைக் கவ்விப் பிடிக்கும் கருவி) ஒன்று வாங்குங்கள். கையில் பிடித்த தகட்டில் பிட் சிக்கினால் தகடே சுழலும். கையுறை போட்டுக்கொண்டு இதன் அருகே போகவே வேண்டாம்.