அலங்கார வெங்காயம்: டெல்டா களிமண்ணுக்கு எது சரி?

குளிர்நாட்டுத் தோட்டப் படங்களில் மார்பு உயரத் தண்டின் உச்சியில் ஊதாப் பந்து ஒன்று நிற்குமே, வெங்காய இனத்தைச் சேர்ந்த அந்த ராட்சத அல்லியத்துக்கு ஆசைப்பட்டு ஆன்லைனில் ஆறு கிழங்கு வாங்கி, கும்பகோணம் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் புதைத்தேன். அவற்றில் நான்கு கிழங்கு ஐப்பசி மழையில் கூழாகிவிட்டன. மிச்சம் இரண்டும் இலை விட்டதோடு சரி.

மண்ணை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மத்திய ஆசியாவில் பிறந்த செடி அது. பூமொட்டு உருவாக வாரக்கணக்கில் கடுங்குளிர் வேண்டும், கோடையில் கிழங்கு காய்ந்து கிடக்க வேண்டும். நம் மார்கழி நமக்குப் போர்வை தேட வைக்கும், அதற்குப் போதாது. கிழங்கை ஃபிரிட்ஜில் வைத்து ஏமாற்றலாம்தான், ஆனால் வருடா வருடம் புதுக் கிழங்கு வாங்க யாரால் முடியும்? அதைவிட, நான் தேடுவது கோடை முடிந்த பிறகு பூக்கிற செடி, அதுவோ சொந்த ஊரிலேயே கோடையின் தொடக்கத்தில் பூத்து முடிந்துவிடும். அல்லியத்தில் கோடைக் கடைசியில் பூப்பது 'மில்லேனியம்' என்ற குட்டை ரகம், 2018இல் அமெரிக்காவில் அந்த ஆண்டின் சிறந்த பல்லாண்டுச் செடி என்று தேர்வானது. அதுவும் குளிர்காலத்தில் உறங்கி எழும் ஜாதி என்பதால் நான் பணம் போடவில்லை.

நமக்குத் தேவை, அக்னி நட்சத்திரத்தில் தோட்டம் கருகிக் கிடந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்து, மாலை இடிமழை தொடங்கும் ஆடி ஆவணியில் பூக்கிற ஒன்று. என் ஓட்டு கார்லிக் சைவ்ஸுக்கு, அதாவது இலையில் பூண்டு மணக்கும் வெங்காய இனச் செடிக்கு. மணிப்பூர்க்காரர்கள் மரோய் நகுப்பி என்று சமையலில் போடுவார்களே, அதேதான். தட்டையான இலை, முழங்கால் உயரத் தண்டு, உச்சியில் வெள்ளை நட்சத்திரக் கொத்து, பூத்துவிட்டால் தேனீ விடாது. தடித்த வேர்க்கட்டையாகப் படர்வதால், பெருங்கிழங்கு போல ஒரே மழையில் அழுகி முடிவதில்லை. ஆனாலும் களிமண்ணில் நேராக நடாதீர்கள். ஒரு சாண் மேட்டுப்பாத்தி போட்டு, மணலும் மக்கிய எருவும் கலந்து, முருங்கை நிழல் பாதி விழுகிற இடமாகப் பாருங்கள். சித்திரை வெயிலில் இலை நுனி காயும், பயப்பட வேண்டாம். பூ வாடியதும் தலையைக் கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் விதை கொட்டி நடைபாதையெல்லாம் முளைக்கும், பிடுங்கியே இடுப்பு ஒடியும்.

ஊதா நிறம்தான் வேண்டும் என்றால் சொசைட்டி கார்லிக். தென்னாப்பிரிக்கச் செடி, வெயில் தாங்கும், இலையை உரசினால் பூண்டு வாசனை தூக்கும். தண்ணீர் தேங்கினால் மட்டும் போய்விடும், எனவே தொட்டி. சின்ன வெங்காயத்தையே பூக்க விடலாமே என்கிறார் பக்கத்து வீட்டு மாமா. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 5 ரகம் நன்றாகவே பூக்கும், ஆனால் பனிக்காலத்தில். ஆடிக்கு உதவாது.

பந்துதான் வேண்டுமா? வாடாமல்லி போடுங்கள். அது கீரைக் குடும்பம், ஒரு பருவத்தோடு முடியும், வெங்காயத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இருந்தாலும் சைவ்ஸ் வெள்ளைக்கு நடுவே அந்த ஊதா உருண்டைகள் நிற்கும்போது எனக்கு அல்லிய ஏக்கம் பாதி தீர்ந்துவிடுகிறது.

கிழங்கு அழுகிய இடத்தில் இப்போது வெள்ளை ரெயின் லில்லி. ஒரு மழைக்கு இரண்டு மூன்று நாளில் விரிந்துவிடும், களிமண்ணையும் பொறுத்துக்கொள்ளும். ஒரே எச்சரிக்கை: அதன் கிழங்கும் இலையும் நஞ்சு, இலையோ பார்க்க சைவ்ஸ் மாதிரியே இருக்கும். அவசரத்தில் யாராவது கிள்ளிக் குழம்பில் போட்டுவிடக் கூடாதென்று, சைவ்ஸ் பாத்தியைச் சமையலறைப் பக்கமும் லில்லியை வாசல் பக்கமுமாகப் பிரித்து வைத்திருக்கிறேன்.