காரைக்குடி ஞாயிற்றுக்கிழமை டிஓசி வகுப்பு: ஓர் அரியர்காரனின் விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நல்ல மாணவன் இல்லை. கம்ப்யூட்டரால் எதை முடிக்க முடியும், எதை முடியாது என்று பார்க்கிற தியரி ஆஃப் கம்ப்யூடேஷன் (டிஓசி) பாடத்தில் ஒரு அரியர். டிஎஃப்ஏ, என்எஃப்ஏ என்ற எளிய கற்பனை மெஷின்கள் வரைக்கும் வட்டம் வட்டமாகப் படம் போட்டுச் சமாளித்தேன், பம்பிங் லெம்மா என்ற தேற்றத்தில் படுத்துவிட்டேன். அதனால்தான் காரைக்குடியில் ஒரு பழைய செட்டியார் வீட்டு வளவில் ஞாயிறுதோறும் நடக்கிற இந்த வகுப்பில் சேர்ந்தேன். மூன்று மாதத்துக்கு 2,400 ரூபாய், முழுப் பணமும் முதலிலேயே. குறையும் சொல்லப்போவதால் வகுப்பின் பெயரைப் போடவில்லை.

முதல் ஒன்றரை மணி நேரம் பாடம். அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, சார் போர்டில் எழுதுவார், நாம் நோட்டில் எழுதுவோம், அந்தக் கையெழுத்து அவருக்கே புரியுமா என்பது சந்தேகம். விஷயம் அதற்கப்புறம்தான். தூணடியில் ஒரு மங்கு வாளி இருக்கும். சந்தேகத்தைச் சீட்டில் எழுதி, பெயர் போடாமல் அதில் போட்டுவிட வேண்டும். சார் ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்வார். கல்லூரியில் கேட்டால் 'இதுகூடத் தெரியாதா' என்று முன் பெஞ்ச் திரும்பிப் பார்க்குமே, அந்தக் கேள்விகள்தான் வாளி முழுக்க.

நான் போட்ட முதல் சீட்டு: ஒரு மொழி பம்பிங் லெம்மாவுக்கு ஒத்துவந்தால் அது ரெகுலர்தானே? (இங்கே மொழி என்றால் எழுத்துச் சரங்களின் தொகுப்பு; டிஎஃப்ஏவால் அடையாளம் காண முடிந்தால் அது ரெகுலர்.) பரீட்சையில் அப்படித்தான் எழுதி மார்க்கை விட்டிருந்தேன். அந்த வீட்டு ஆச்சி அப்போதுதான் கந்தரப்பம் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். சார் தட்டைக் காட்டினார். "கந்தரப்பம்னா எண்ணெயில வெந்திருக்கணும். எண்ணெயில வெந்ததெல்லாம் கந்தரப்பமா தம்பி?" அவ்வளவுதான். ரெகுலர் மொழி லெம்மாவுக்கு ஒத்துவந்தே தீரும், ஆனால் ஒத்துவருகிறதெல்லாம் ரெகுலர் இல்லை, ஆகவே லெம்மாவை வைத்து 'இது ரெகுலர் இல்லை' என்று மட்டும்தான் நிரூபிக்க முடியும். ஒரு செமஸ்டர் முழுக்க மண்டையில் ஏறாதது ஒரு பலகாரத்தில் ஏறிவிட்டது.

அதிகம் வருகிற சீட்டு என்பி பற்றியது. 'என்பி என்றால் நாட் பாலினாமியலா?' ஒவ்வொரு பேட்சிலும் வருமாம். இல்லவே இல்லை, அந்த என் நான்டிடர்மினிஸ்டிக்; பாலினாமியல் என்றால் உள்ளீடு பெரிதானாலும் நேரம் தாறுமாறாக ஏறாத வேகம். விடையை யாராவது கையில் கொடுத்தால் அதைச் சீக்கிரம் சரிபார்த்துவிட முடிகிற கணக்குகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சார் சொன்ன உதாரணம் நம் ஊர் ஒன்பது நகரத்தார் கோயில்கள். காரைக்குடியில் கிளம்பி இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று ஒன்பதையும் பார்த்துவிட்டு இத்தனை கிலோமீட்டருக்குள் திரும்ப முடியுமா? யாராவது ஒரு வழியை எழுதிக் கொடுத்தால் தூரத்தைக் கூட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம். நாமே கண்டுபிடிப்பதென்றால் 3,62,880 வரிசைகள், கம்ப்யூட்டருக்கு அது தூசு. செட்டிநாட்டு ஊர்கள் ஒரு 75 என்று போட்டால்? வரிசைகளின் எண்ணிக்கையே 110 இலக்கம்.

பின்னால் இருந்த ஒரு பையன் விடவில்லை. "அப்படின்னா 75 ஊருக்கு விடையே கிடைக்காதா சார்?" நல்ல கேள்வி, புத்தகங்கள் வேகமாகத் தாண்டிப் போகிற இடம் இது. கிடைக்கும், 85,900 புள்ளிகள் இருந்த ஒரு கணக்குக்கே 2006-இல் மிகக் குறைந்த தூரத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றார் சார். என்பி-ஹார்ட் (என்பியில் இருக்கிற எந்தக் கணக்குக்கும் குறையாத கடினம்) என்பதால் எந்தக் கணக்கையும் தொடவே முடியாது என்று ஆகிவிடாது; எந்த உள்ளீட்டைக் கொடுத்தாலும் வேகமாக முடித்துத்தருவேன் என்று உறுதி சொல்லும் வழி இன்னும் யாரிடமும் இல்லை, அவ்வளவுதான். அப்படி ஒரு வழி இல்லவே இல்லை என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. அப்படி ஒரு வழி உண்டா என்பதை 1971-இல் ஸ்டீபன் குக் கேள்வியாக வைத்தார், சோவியத்தில் லெவின் தனியாக அதே இடத்துக்கு வந்தார், 2000-இல் கிளே கணித நிறுவனம் இதற்கு அறிவித்த பத்து லட்சம் டாலர் பரிசு இன்னும் அப்படியே இருக்கிறது.

எனக்கு மறக்கவே மறக்காத வகுப்பு ஹால்டிங் பிராப்ளம் நடந்த அன்று. எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் அது நிற்குமா நிற்காதா என்று சொல்லும் ஒரு புரோகிராமை எழுதவே முடியாது என்று 1936-இல் கணிதவியலாளர் ஆலன் டியூரிங் செய்த வேலையிலிருந்து வருவதைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சீட்டில், 'எடிட்டர் எனக்கு இன்ஃபினிட் லூப் என்று எச்சரிக்கிறதே, அது மட்டும் எப்படி?' சில புரோகிராம்களுக்குச் சொல்லலாம், எல்லாவற்றுக்கும் சொல்லத்தான் முடியாது என்றார். உள்ளேயிருந்து ஆச்சி, "ஏப்பா, ஓடுறது நிக்குமான்னே சொல்ல முடியாதுன்னா இத்தனை வருசம் என்னத்தப் படிச்சீங்க?" என்றார்கள். சார் சிரித்துவிட்டுத் தரையைக் காட்டினார். வளவு முழுக்க ஆத்தங்குடிக் கல். ஒவ்வொரு சதுரக் கல்லுக்கும் நாலு ஓரத்திலும் நிறம் இருக்கிறது, ஒட்டும் ஓரங்கள் ஒரே நிறமாக இருக்க வேண்டும், கல்லைத் திருப்பக் கூடாது, குறிப்பிட்ட சில மாதிரிக் கற்கள்தான் உண்டு, ஆனால் ஒவ்வொன்றும் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். எல்லையே இல்லாத ஒரு தரையை இதை வைத்துப் பாவ முடியுமா? 1961-இல் தர்க்கவியலாளர் ஹாவ் வாங் கேட்டது. மாதிரிகள் எவையாக இருந்தாலும் சரியாகப் பதில் சொல்லும் அல்காரிதம் கிடையாது என்று 1966-இல் ராபர்ட் பெர்கர் நிரூபித்தார். ஒரு வரிசைக் கற்களை டியூரிங் மெஷினின் (கம்ப்யூட்டரின் எளிய கணித மாதிரி) ஒரு அடியாக வைத்துப் பார்த்தால், மெஷின் நிற்காமல் ஓடினால்தான் தரை முடியாமல் நீளும்! அன்றைக்குப் பஸ்ஸில் தேவகோட்டை வரைக்கும் அதே யோசனை.

'குவாண்டம் வந்தால் என்பி எல்லாம் காலியா', 'இதைப் படித்தால் வேலை கிடைக்குமா' போன்றவற்றுக்கு வேகமாகப் பதில் சொல்லிப் போய்விடுவார். 1994-இல் பீட்டர் ஷோர் சொன்னது குவாண்டம் கம்ப்யூட்டரில் எண்களைக் காரணிப்படுத்தும் வழி, அந்தக் கணக்கு என்பி-கம்ப்ளீட் (என்பியிலேயே மிகக் கடினமான வகை) என்று யாரும் காட்டவில்லை, அதனால் இது எல்லாவற்றுக்கும் சாவி இல்லை. வேலை கிடைக்குமா என்பதற்கு அவர் சொன்ன பதில் எனக்குத் திருப்தியாக இல்லை, கம்பைலர், ரீஜெக்ஸ் என்று இழுத்தார்.

இனி குறைகள். ஒன்பதரைக்கு என்றால் பத்தேகாலுக்குத்தான் தொடங்கும். முகூர்த்த நாளில் வளவைக் கல்யாணத்துக்கு விட்டுவிடுவார்கள், 'இன்று வகுப்பு இல்லை' என்ற மெசேஜ் எட்டரைக்கு வரும், அதற்குள் நான் காரைக்குடியில் இறங்கியிருப்பேன். இரண்டு முறை நடந்தது. போன நாளுக்குப் பணமும் இல்லை, மாற்று வகுப்பும் இல்லை. பழைய கேள்வித்தாளைத் தொடவே மாட்டேன் என்பது சாரின் பிடிவாதம். எனக்கு அரியர் போய்விட்டது, ஆனால் அதற்கான பயிற்சியை நண்பனின் நோட்டை வைத்து நானே செய்துகொண்டேன், அந்தப் பெருமையை வகுப்புக்குக் கொடுக்க மாட்டேன். அடுத்த மாதம் பரீட்சை என்று ஓடி வருகிறவர்கள் இங்கே வர வேண்டாம். மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வுக்கு நிதானமாகப் படிப்பவர்களும், தரமணி ஐஎம்எஸ்சி, சிறுசேரி சிஎம்ஐ போன்ற கணித நிறுவனங்கள் மீது ஆசை வைத்திருப்பவர்களும் ஒரு மூன்று மாதம் தாராளமாக உட்காரலாம்.

கடைசி வகுப்பில் கான்பூர் ஐஐடி கதை வந்தது. ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க அதுவரை வேகமாக ஓடிய முறைகள் ரேண்டம் எண்களை நம்பியிருந்தன, 2002-இல் மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்கள் கயாலும் சக்சேனாவும் அது இல்லாமலே பாலினாமியல் நேரத்தில் முடியும் என்று காட்டினார்கள். அப்படியானால் காசு சுண்டிப் பார்த்து வேலை செய்கிற எல்லா அல்காரிதத்தையும் சுண்டாமலே செய்துவிட முடியுமா என்று எழுதி வாளியில் போட்டேன். சீட்டை எடுக்கும் முன்னால் நேரம் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் வந்து கேட்டுக்கொள் என்றார் சார். அடுத்த வாரம் முகூர்த்தம்.