சுங்கை சிப்புட்காரர்களே, 'கேஸ்ட்ரிக் ஜூஸ்' விற்க வருபவரிடம் கவனம்

இங்கே மலேசியாவில், எங்கள் ஊர்த் தோட்டத்து லயங்களிலும் தாமான்களிலும் (குடியிருப்புப் பகுதிகளிலும்) வீடு வீடாக வந்து, கேஸ்ட்ரிக் என்னும் வயிற்றுக் கோளாறுக்கு நல்லது என்று ஜூஸ் விற்கும் ஆளிடம் ஏமாந்துவிட்டோம். பாட்டில் 180 வெள்ளி (ரிங்கிட்), மொத்தம் 14 பாட்டில். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் போன பணத்தைவிடப் போன மாதங்கள்தான் வயிற்றெரிச்சல்.

அம்மா பால்மரம் சீவியவர், அசராமல் நாலு தோசை சாப்பிடுவார். திடீரென்று அரைத் தோசையிலேயே "வயிறு ரொம்பிருச்சு" என்று தட்டைத் தள்ளினார். கைலி இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்திக்கொண்டார். டவுன் கிளினிக்கில் கேஸ்ட்ரிக் மாத்திரை, திரும்பவும் அதே மாத்திரை. அப்புறம் ஈப்போவில் ஸ்கோப் செய்து, அதாவது வாய் வழியே கேமராக் குழாய் விட்டு, இரைப்பையிலிருந்து சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் தெரியவில்லை, ஆனாலும் மறுபடி பார்க்க வேண்டும் என்று தேதி கொடுத்தார்கள்.

அந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் ஜூஸ்காரருக்குக் கொண்டாட்டம். "பாத்தீங்களாக்கா, ஒண்ணுமில்ல, வெறும் வாயு. மூணு மாசம் இத குடிங்க, எதுக்குத் திரும்ப குழாய விட்டுக்கிட்டு?" தேதியை விட்டுவிட்டோம். அது எங்கள் தப்பு, மறைக்கவில்லை.

மூன்றாவது மாதம் உடம்பு வற்றி, வயிறு மட்டும் உப்பியது. நீர் கோத்திருந்தது. இரண்டாவது ஸ்கோப்பில் காற்று ஊதியும் இரைப்பை விரியவில்லை. பெயர் லினைட்டிஸ் பிளாஸ்டிகா. அரிய வகைப் புற்றுநோய். கட்டியாகத் திரளாமல் இரைப்பைச் சுவருக்குள்ளேயே ஊர்ந்து, அதைத் தடித்த தோல்பை மாதிரி விறைக்க வைக்கிறது. மேலாகக் கிள்ளியெடுத்த சதையில் அகப்படாமல் போகலாம். ஆழத்திலிருந்து எடுத்ததில்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்குள் வயிற்றறைச் சவ்வுக்குப் பரவிவிட்டது. அறுத்து எடுத்துக் குணப்படுத்தும் கட்டம் தாண்டிவிட்டது, இனி கீமோ என்றார்கள். முன்பே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பாட்டிலை அப்புறம்தான் திருப்பிப் பார்த்தேன். பதிவான பாரம்பரிய மருந்து என்றால் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கி, இலக்கங்களுக்குப் பின் டி (T) எழுத்து வரும் பதிவு எண்ணும், ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்க வேண்டும். இதில் ஒரு துளசி இலைப் படம்தான் இருந்தது. பதிவான மருந்தாகவே இருந்தாலும் புற்றுநோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்ய மலேசியாவின் 1956-ஆம் ஆண்டு மருந்து (விளம்பரம், விற்பனை) சட்டம் விடாது. மீதிப் பாட்டில்களைக் கொட்டவில்லை, மருந்தக அமலாக்கப் பிரிவுக்குக் கொண்டுபோகிறேன்.

நேற்று அந்த ஆள் வாட்சாப்பில் அம்மாவை நலம் விசாரித்தார். புது ஸ்டாக் வந்திருக்கிறதாம், எங்களுக்கு மட்டும் 160 வெள்ளியாம்.