ஆன்லைன்ல த்ரீ கார்ட் பிராக் ஆடறவங்க கவனத்துக்கு: 640 பவுண்டைச் சுருட்டிட்டு இப்ப கையை விரிக்கிறாங்க

640 பவுண்ட். போன வாரம் ஒரே ராத்திரியில போச்சு. இன்னைக்குக் காலைல அந்தச் சீட்டாட்டத் தளத்தோட கடைசி மெயில் வந்துச்சு, அந்தச் சூடு ஆறுறதுக்குள்ள எழுதறேன்.

சீட்டாட்டத்துல தோத்ததுக்கு யாரும் பதிவு போடமாட்டாங்க, நானும் போடமாட்டேன். இது தோல்வி இல்ல, திருட்டு. தளத்தோட பேரைச் சொல்லல, வக்கீல் நோட்டீஸ் விடுவோம்னு மெயில்லயே மிரட்டியிருக்காங்க. வகையை மட்டும் சொல்றேன்: இங்கிலாந்துல இருக்கிற நம்ம மாதிரி ஆளுங்களைக் குறிவச்சு, பழைய இங்கிலீஷ் சீட்டாட்டங்களைப் பணத்துக்கு நடத்துற தளம். பச்சைத்துணி மேசை, பின்னால பப் மாதிரி ஒரு படம், ஒவ்வொரு ஆட்டத்துலயும் தளத்துக்குக் கமிஷன்.

த்ரீ கார்ட் பிராக் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. நம்ம ஊர்ல தீன் பத்தி ஆடறோமே, அதோட தாய் ஆட்டம் இதுதான். 18ஆம் நூற்றாண்டுல இருந்தே இங்க ஆடறாங்க. ஆளுக்கு மூணு சீட்டு. ஒரே எண் மூணு வந்தா பிரையல். அதுல பெருசு ஏஸ் இல்ல, மூணு 3. அடுத்தது ஒரே ஜாதியில (மூணும் ஹார்ட், இல்ல மூணும் ஸ்பேட், இந்த மாதிரி) வரிசை, அப்புறம் சாதா வரிசை, அப்புறம் ஒரே ஜாதி, ஜோடி, கடைசியா பெரிய சீட்டு. வரிசையில ஏஸ்-2-3 தான் உசத்தி, ஏஸ்-ராஜா-ராணி அதுக்குக் கீழ. மொத்தம் 22,100 விதமா கை வரலாம், அதுல 16,440 வெறும் பெரிய சீட்டுக் கைதான். நாலுல மூணு தடவை கையில ஒண்ணுமே இருக்காது. அதனாலதான் இந்த ஆட்டம் முழுக்க தைரியமும் ஆளைப் படிக்கிறதும்.

எனக்கு இதைக் கத்துக்கொடுத்தது கிடங்கு வேலையில கூட இருந்த வயசான இங்கிலீஷ்காரங்க. நைட் ஷிஃப்ட் இடைவேளையில கேன்டீன் மேசையில பென்னிக் காசை வச்சு ஆடுவாங்க. அவங்க ஆட்டத்தைப் பார்த்தா ஒழுங்குன்னா என்னன்னு தெரியும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சீட்டைக் கலைக்கவே மாட்டாங்க, போட்ட சீட்டை எடுத்துக் கட்டுக்கு அடியில வச்சுட்டு அப்படியே அடுத்த ஆட்டம். யாராவது பிரையலைக் காட்டினாதான் கலைப்பு. அதனால எந்தச் சீட்டு எங்க போச்சுன்னு ஞாபகம் வச்சிருக்கிறவனுக்கு ஒரு பலம் உண்டு, அது திறமை, அதை யாரும் குத்தம் சொல்லமாட்டாங்க. ஆனா ரெண்டு பேர் கூட்டுச் சேர்ந்து மூணாவது ஆளை அடிச்சா, அதோட அந்த மேசையில அவங்களுக்கு நாற்காலி கிடையாது. அண்ணன் தம்பி ஆடினாக்கூட பக்கத்துப் பக்கத்துல உட்காரவிடமாட்டாங்க.

ஏன் அவ்வளவு கண்டிப்புன்னு எனக்கு இப்பதான் உறைக்குது. பிராக்ல ரெண்டு விதி இருக்கு, நல்லாப் படிங்க, மொத்தக் கொள்ளையும் அதுக்குள்ளதான்.

முதல் விதி. கடைசியா ரெண்டு பேர் மட்டும் மிச்சம் இருக்கும்போதுதான் காசை இரட்டிப்பாப் போட்டு எதிராளி சீட்டைத் திறக்கச் சொல்லலாம். மூணு பேர் இருந்தா ஷோ கிடையாது. தீன் பத்தியில பக்கத்து ஆளுகிட்ட சைடு ஷோவாவது (ரெண்டு பேர் மட்டும் சீட்டை ஒப்பிட்டுப் பார்க்கறது) கேட்கலாம், இதுல அதுவும் இல்ல. உங்களுக்கு முன்னாடி இருக்கிறவன் போட்ட அளவுக்கு நீங்களும் போடணும், இல்லன்னா மடக்கணும், அதாவது போட்ட காசை விட்டுட்டு அந்தக் கையில இருந்து வெளியேறணும். போக்கரை மாதிரி எல்லாரும் சமமாப் போட்டதும் சுற்று முடியற கதையும் இல்ல. சுத்திக்கிட்டே இருக்கும்.

ரெண்டாவது விதி. சீட்டைப் பார்க்காம பிளைண்டா ஆடறவன் பாதிக் காசு போட்டாப் போதும். சீட்டைப் பார்த்தவன், பிளைண்டா இருக்கிறவன்கிட்ட ஷோ கேட்கவே முடியாது.

இப்ப ரெண்டு பேர் பேசிவச்சு உட்கார்ந்தா என்ன ஆகும்னு பாருங்க. ஒருத்தன் பிளைண்ட். இன்னொருத்தன் சீட்டைப் பார்த்துட்டுப் பந்தயத்தை ஏத்திக்கிட்டே போவான். நடுவுல நீங்க. மூணு பேர் இருக்கிறதால ஷோ கேட்க வழியில்ல. ஏத்தறவன் மடக்கிட்டுப் போனாலும் மிச்சம் இருக்கிறவன் பிளைண்ட், அவன்கிட்டயும் கேட்க முடியாது. நீங்க 20 போட்டா அவன் 10 போடுவான். ரெண்டு மாட்டுக்கு நடுவுல மாட்டின கன்னுக்குட்டி மாதிரி நசுங்க வேண்டியதுதான். அவங்களுக்கு நல்ல சீட்டே தேவையில்ல.

இது தெரிஞ்சதாலதான் பணம் போடறதுக்கு முன்னாடியே லைவ் சாட்ல கேட்டேன். இதை அழுத்திச் சொல்றேன், ஏன்னா என் நம்பிக்கை இங்கதான் விழுந்துச்சு. "ரெண்டு பேர் கூட்டுச் சேர்ந்து ஆடினா உங்களுக்குத் தெரியுமா?"ன்னு நேராக் கேட்டேன். ஒரு பொண்ணு, பேரு போட்டு, சிரிச்ச முகத்தோட ஒரு படம். உடனே பதில் போட்டுச்சு. எங்ககிட்ட தனி செக்யூரிட்டி டீம் இருக்கு சார், 24 மணி நேரமும் ஒவ்வொரு மேசையையும் கவனிக்கறாங்க, ஒரே இணைய இணைப்புல இருந்து ரெண்டு பேர் ஒரு மேசையில உட்காரவே முடியாது, கூட்டுன்னு நிரூபணமானா இழந்த பணம் முழுசாத் திரும்ப வரும். இவ்வளவு தெளிவாச் சொன்னா யாரு நம்பமாட்டாங்க? அதுக்கப்புறம் சோதனைக்காகக் கொஞ்சமாப் போட்டு ஆடி, ஜெயிச்சதுல 60 பவுண்டை வெளிய எடுத்தேன். மறுநாள் மதியத்துக்குள்ள பேங்க்ல ஏறிடுச்சு. தளப் பக்கத்தோட அடியில பிரிட்டன் சூதாட்ட ஆணையத்தோட சின்னம் வேற பளபளன்னு இருந்துச்சு.

அந்த ராத்திரி மேசையில அஞ்சு பேர். ஆட்டம் தொடங்க ஆளுக்கு 1 பவுண்ட், அதிகபட்சப் பந்தயம் 20. ஆரம்பத்துல எல்லாம் ஒழுங்காப் போச்சு. அப்புறம் ரெண்டு பேர் எழுந்து போக, அந்த இடத்துல ரெண்டு புது ஆளுங்க சில நொடி வித்தியாசத்துல வந்து உட்கார்ந்தாங்க. ஒருத்தன் எப்பப் பாரு பிளைண்ட். இன்னொருத்தன் எப்பப் பாரு ஏத்தல். நல்ல கையோட நின்ன ஒவ்வொரு தடவையும் ரெண்டு பக்கமும் நெரிச்சாங்க.

கடைசிக் கையை மட்டும் விவரமாச் சொல்றேன். எனக்கு 10, ஜாக்கி, ராணி. சாதா வரிசை. இதை அடிக்கணும்னா மேல மூணு வரிசை இருக்கு, அப்புறம் ஒரே ஜாதி வரிசை, பிரையல். எல்லாத்தையும் கூட்டினாலும் 22,100ல 280 கைதான், நூத்துக்கு ஒண்ணே கால்கூட முழுசா... சரி, ஒண்ணே காலைக் கொஞ்சம் தாண்டும். எதிர்ல ஒருத்தன் சீட்டையே பார்க்கல. இந்தக் கையை மடக்கச் சொல்றவங்க பிராக் ஆடவே தேவையில்ல. நான் நின்னேன். ஏத்தறவன் 20, நான் 20, பிளைண்ட் 10. மறுபடியும் 20, 20, 10. மறுபடியும். ஏத்தறவன் யோசிக்கவே இல்ல, அவன் முறை வந்த அடுத்த நொடி காசு மேசையில. 300க்கு மேல அந்த ஒரு கையிலயே இறங்கிச்சு.

அப்ப என் கணக்குல இருந்த காசு தீர்ந்துச்சு. மேசையில உட்கார்ந்து ஆடினா இதுக்கு ஒரு மரியாதையான வழி உண்டு: இருக்கிற கடைசிக் காசைப் போட்டு, சீட்டை நடுவுல கிடக்கிற பணத்து மேல கவுத்து வச்சிடலாம். மத்தவங்க தனியா ஆடி முடிச்சதும் ஜெயிச்சவன் அந்தக் கவுத்த சீட்டோட மோதணும். காசு தீர்ந்த ஒரே காரணத்துக்காக யாரையும் வெளிய தள்ளக்கூடாதுன்னுதான் அந்த ஏற்பாடே. இந்தத் தளத்துல சிவப்பு எழுத்துல ஒரு பெட்டி வந்துச்சு: இருப்பு போதவில்லை, உங்கள் சீட்டு மடக்கப்பட்டது. அவ்வளவுதான். வரிசைக் கை கண்ணு முன்னாடி மறைஞ்சு போச்சு.

நான் வெளிய போன அடுத்த நொடி என்ன நடந்துச்சு தெரியுமா? அவ்வளவு நேரம் 20, 20ன்னு கொட்டினவன் மடக்கிட்டான். பிளைண்டா இருந்தவன் சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்காம மொத்தத்தையும் எடுத்துகிட்டான். யாரு அப்படி ஆடுவா? அத்தனை பவுண்ட் போட்டவனுக்கு எதிர்ல ஒரே ஒரு ஆள், அதுவும் சீட்டு பார்க்காதவன், உடனே மடக்குவானா? ஆட்ட வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அந்த ராத்திரி முழுக்க அந்த ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் ஒரு தடவைகூட ஷோ கேட்கல. மூணாவது ஆள் விழுந்ததும் ஒருத்தன் விட்டுக்கொடுத்துடறான். ஒவ்வொண்ணையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, தேதி நேரத்தோட அனுப்பினேன்.

இதுக்கப்புறம் நடந்ததுதான் ரத்தத்தைக் கொதிக்க வைக்குது. முதல்ல லைவ் சாட். அந்தச் சிரிச்ச முகம் இல்ல, வேற ஆள். "உங்கள் ஏமாற்றம் எங்களுக்குப் புரிகிறது"ன்னு சொல்லிட்டு, சூதாட்டப் பழக்கத்துல இருந்து மீள உதவும் பக்கத்தோட இணைப்பைக் கொடுக்கறாங்க. நான் கேட்டது என்ன, இவங்க கொடுக்கிறது என்ன? மெயில் போட்டேன். எங்க சீட்டு கலைக்கிற மென்பொருள் சோதனை செஞ்சு சான்றிதழ் வாங்கினதுன்னு பதில். கலைப்பைப் பத்தி நான் வாயே திறக்கல, கூட்டைப் பத்திக் கேட்டேன். மறுபடியும் எழுதினேன். மத்த ஆட்டக்காரங்க விவரம் தனியுரிமை, சொல்ல முடியாதுங்கறாங்க. எனக்கு அவங்க விவரம் எதுக்கு? விசாரிச்சியா இல்லையா, அதை மட்டும் சொல்லு. "விசாரித்தோம், விதிமீறல் இல்லை." எப்படி விசாரிச்சீங்க? அதுக்குப் பதில் இல்ல. முழுசாத் திரும்ப வரும்னு சாட்ல எழுதிக் கொடுத்தீங்களேன்னு படத்தோட அனுப்பினா, சாட்ல சொல்றது எங்களைக் கட்டுப்படுத்தாதுன்னு விதிமுறையில இருக்காம். இன்னைக்குக் காலைல வந்த கடைசி மெயில்: புகார் முடிக்கப்பட்டது, பொதுவெளியில எழுதினா சட்ட நடவடிக்கை. போன் நம்பர் கிடையாது. 640 பவுண்டை விழுங்கினவனுக்கு ஒரு போன் நம்பர் வைக்கத் துப்பில்ல.

பேங்க்ல கேட்டேன். டெபிட் கார்டுல நீங்களே அனுமதிச்ச பணம், எங்களால இழுக்க முடியாதுன்னுட்டாங்க.

தளப் பக்கத்துல இருந்த அந்த ஆணையச் சின்னம் வெறும் படம். தொட்டா எங்கயும் போகல. ஆணையத்தோட பொதுப் பதிவேட்டுல இந்தத் தள முகவரியைத் தேடினேன், இல்லவே இல்ல. எந்த நாட்டுல இருந்து நடத்தினாலும், பிரிட்டன்ல இருக்கிறவங்களுக்கு ஆட்டம் நடத்தணும்னா அந்த ஆணையத்தோட உரிமம் கட்டாயம், 2014 சட்டம் அது. உரிமம் உள்ளவனா இருந்தா, புகாரை முடிக்க அவனுக்கு 8 வாரம், அப்புறம் நமக்குச் செலவில்லாம ஒரு நடுவர் அமைப்பு விசாரிக்கும். இவங்க விஷயத்துல அந்தக் கதவே இல்ல. அந்த ரெண்டு பேர் செஞ்சது இந்த நாட்டுல குற்றம், 2005 சூதாட்டச் சட்டத்தோட 42ஆம் பிரிவு, 2 வருஷம் வரைக்கும் உள்ள போடலாம். ஆளு யாருன்னு தளம் சொன்னாத்தானே? அந்த ரெண்டு பேரும் தளத்தோட ஆளுங்களாவே இருந்தாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

எப்படித் தப்பிக்கிறதுன்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்ப பொறுமை இல்ல. சுருக்கமா:

சின்னத்தை நம்பாதீங்க, ஆணையப் பதிவேட்டுல தள முகவரியை நீங்களே தேடுங்க. கிரெடிட் கார்டு வாங்கறாங்களான்னு பாருங்க. 2020 ஏப்ரல் 14ல இருந்து பிரிட்டன்ல சூதாட்டத்துக்குக் கிரெடிட் கார்டு தடை, வாங்கறவன் உரிமம் இல்லாதவன். இவங்க வாங்கறாங்க.

முன்பின் தெரியாதவங்களோட ஆன்லைன்ல பிராக் வேண்டாம். காசு தீர்ந்தா மடக்கிவிடற தளத்துல கண்டிப்பா வேண்டாம். ரெண்டு பேர் சேர்ந்தே வந்து உட்கார்ந்தா அந்தக் கை முடிஞ்சதும் எழுந்துடுங்க.

ஏற்கனவே இந்த மாதிரித் தளத்துல பணம் வச்சிருக்கிறவங்க முதல்ல இருப்பை வெளிய எடுங்க, ஆட்ட வரலாறு முழுசையும் இப்பவே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. என் கணக்குல அந்தப் பக்கம் இன்னைக்குக் காலைல இருந்து திறக்கல.