கைண்ட் ஆஃப் ப்ளூ: ஜாஸ் கேட்கத் தொடங்குபவருக்கு என் முதல் பரிந்துரை

ஜாஸ் கேட்கணும், எதில் ஆரம்பிக்கலாம் என்று யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பம். எல்லாரும் சொல்கிற பெயர்தானே என்று தோன்றும். உண்மைதான். ஆனால் புகழுக்காக நான் இதைச் சொல்லவில்லை. இதில் வாசித்திருப்பவர்கள் ஏழு பேர். அவர்களில் யாரைப் பிடித்துக்கொண்டு போனாலும் ஜாஸின் ஒரு முக்கியமான பகுதிக்குள் போய்விடலாம். 1920களிலிருந்து வரிசையாகக் கேட்டு வரச் சொல்பவர்களும் உண்டு. அப்படிக் கேட்டால் இசை பாடப்புத்தகம் ஆகிவிடும். பிடித்த ஒரு ஆளைத் தொடர்ந்து போவதுதான் எனக்குத் தெரிந்த நல்ல வழி.

ஐந்து உருப்படிகள், மொத்தம் சுமார் 45 நிமிடம். 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாட்களில் நியூயார்க்கில் பதிவானது. கொலம்பியா நிறுவனத்தின் அந்த 30ஆவது தெரு ஸ்டூடியோ முன்பு ஒரு தேவாலயமாக இருந்த கட்டடம். டிரம்பெட் ஒலியைச் சுற்றி இருக்கும் அந்த விசாலத்தை ஹெட்ஃபோனில் நன்றாகவே உணரலாம்.

முதல் உருப்படி 'சோ வாட்'. பியானோவும் பேஸும் (கீழ் ஸ்வரங்களைத் தரும் பெரிய தந்தி வாத்தியம்) தயங்கித் தயங்கி ஏதோ பேசிக்கொள்வது போல ஆரம்பிக்கும். அப்புறம் பேஸ் மெட்டை எடுக்கும். வழக்கமாகப் பின்னால் நிற்கும் வாத்தியம் இங்கே முன்னால் வந்து ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் இரண்டே ஒலியில் பதில் சொல்வார்கள். சுமார் ஒன்றரை நிமிடத்தில் மைல்ஸின் சோலோ, அதாவது தனி வாசிப்பு, ஆரம்பிக்கும். சரியாக அந்த இடத்தில் டிரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காப் சிம்பலை ஓங்கி ஒரு அடி அடிப்பார். அதன் ரீங்காரம் அடங்குவதற்குள் மைல்ஸ் சில ஸ்வரங்களை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். எத்தனை தடவை கேட்டாலும் அந்த நொடிக்காக நான் காத்திருக்கிறேன்.

இதன் அமைப்பு எளிது. 32 பார் கொண்ட ஒரு சுற்று (ஒரு பார் என்பது இங்கே நான்கு எண்ணிக்கை). முதல் 16 பார் ஒரே ஸ்வர வரிசை, அடுத்த 8 பார் அதே வரிசை அரை ஸ்வரம் மேலே, கடைசி 8 பார் மறுபடி பழைய இடம். கர்நாடக இசை கேட்டவர்களுக்கு அந்த வரிசை பழக்கமானதுதான், கரஹரப்ரியாவின் ஸ்வரங்கள். பழக்கமில்லாதது என்னவென்றால், ஆதார ஸ்ருதியே நடுவில் மேலே ஏறிவிட்டு இறங்கும். அந்த ஏற்றத்தை உங்கள் காது பிடித்துவிட்டால் சுற்று எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். அதற்கு முந்தைய பீபாப் என்ற ஜாஸ் பாணியில் கார்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) சடசடவென்று மாறிக்கொண்டே இருக்கும். சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கர் அதில் பறப்பார், ஆனால் புதிதாகக் கேட்பவருக்கு மூச்சு முட்டும். இங்கே மைல்ஸ் கார்டுகளைக் குறைத்து, வாசிப்பவருக்கு இடம் விட்டார். கேட்பவருக்கும் அதனால் இடம் கிடைத்தது.

மனோதர்மம் என்றால் ஜாஸில் என்ன என்பதற்குக் கடைசி உருப்படி 'ஃப்ளமென்கோ ஸ்கெட்சஸ்' போதும். எழுதி வைத்த மெட்டே கிடையாது. ஐந்து ஸ்வர வரிசைகள். ஒவ்வொன்றிலும் விரும்பும் நேரம் இருந்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். மைல்ஸ், சாக்ஸஃபோனில் ஜான் கோல்ட்ரேன், கேனன்பால் ஆடர்லி, பியானோவில் பில் எவன்ஸ், திரும்ப மைல்ஸ் என்று ஒவ்வொருவராக அந்த ஐந்தையும் கடக்கிறார்கள். 1997க்குப் பிந்தைய பதிப்புகளில் இதை இன்னொரு தடவை வாசித்த பதிவும் (டேக்) சேர்ந்திருக்கும். அந்தப் பதிப்பையே வாங்குங்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், அதே ஆட்கள் அதே வழியில் போய் முற்றிலும் வேறு விஷயங்களைச் சொல்வது தெரியும். எந்த விளக்கமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

பதிப்பைப் பற்றி இன்னொன்று. மார்ச் பதிவின்போது ஒரு டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், பல வருடங்களுக்கு முதல் மூன்று உருப்படிகளும் கொஞ்சம் வேகமாக, ஸ்ருதி ஏறித்தான் வெளிவந்தன. 1992 மறுவெளியீட்டில்தான் அது சரியானது. பழைய இசைத்தட்டு கிடைத்தால் ஆசைக்கு வைத்துக்கொள்ளலாம், கூடவே வாசித்துப் பழகப் போகிறவர் புதியதையே எடுக்கணும்.

குறை உண்டா? உண்டு. ஆல்பம் முழுக்க நிதானம். அதனால் சுலபமாகப் பின்னணி இசையாகிவிடும், வேறு வேலை பார்த்துக்கொண்டே ஓடவிட்டால் ஒன்றும் ஒட்டாது. ஒரு தடவையாவது பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். வாசிப்பவர் பால் சேம்பர்ஸ். இரண்டாவது பதிவு நாளான ஏப்ரல் 22 அவருடைய 24ஆவது பிறந்தநாள். 33 வயதில் இறந்துவிட்டார். அதற்குள் அவர் வாசித்துவிட்டுப் போனவை ஏராளம். மற்றவர்கள் என்ன செய்தாலும் தரை நழுவாது என்ற தைரியத்தை அவர்தான் கொடுக்கிறார்.

வேகம் வேண்டுமென்றால் அவரையே தொடரலாம். இது முடிந்து சில வாரங்களில், மே மாதத்தில், கோல்ட்ரேனோடு 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' பதிவில் வாசித்தார். மைல்ஸ் குறைத்த கார்டுகளையெல்லாம் கோல்ட்ரேன் இங்கே திரும்பக் குவித்துவிட்டது போலிருக்கும். தலைப்பு உருப்படியில் பியானோ வாசித்த டாமி ஃப்ளானகனே திறமைசாலி, அவருடைய சோலோவே நின்று நின்று போகும். அவ்வளவு கடினம். ஐந்து வருடம் கழித்து, 1964 டிசம்பரில், அதே கோல்ட்ரேன் தன் நால்வர் குழுவோடு 'எ லவ் சுப்ரீம்' பதிவு செய்தார். நான்கு பகுதிகளில் ஒரு பிரார்த்தனை. பேஸ் எடுக்கும் நாலு ஸ்வரம் முதல் பகுதி முழுக்க மாறி மாறி வரும்.

மென்மை பிடித்தவர்கள் பில் எவன்ஸைப் பிடியுங்கள். 1961 ஜூன் 25 அன்று வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் பதிவான 'வால்ட்ஸ் ஃபார் டெபி' எனக்கு உயிர். கண்ணாடிக் குவளைகள் இடிபடும், யாரோ சிரிப்பார்கள், அதற்கு நடுவில் பியானோ, பேஸ், டிரம்ஸ் மூன்றும் சமமாகப் பேசிக்கொள்ளும். பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ அடுத்த இரண்டு வாரத்துக்குள் கார் விபத்தில் போய்விட்டார். வயது 25.

ஆடர்லிக்கு 'சம்திங் எல்ஸ்', அதில் 'ஆட்டம் லீவ்ஸ்'. கிட்டார் பிடிக்குமென்றால் வெஸ் மாண்ட்கோமரியின் 'ஸ்மோக்கின் அட் த ஹாஃப் நோட்'. அதில் பின்னால் இருப்பது வின்டன் கெல்லி, சேம்பர்ஸ், காப், மூவருமே 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆட்கள்தான்.

பாட்டு, குரல் இருந்தால்தான் மனம் ஒட்டும் என்பவர்களும் உண்டு. அவர்களுக்குப் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் 1956இல் சேர்ந்து பாடிய 'எல்லா அண்ட் லூயி'. அவளுடைய குரல் பளிங்கு, அவருடையது கரகரப்பு. இரண்டும் ஒன்றையொன்று தள்ளாமல் சேர்ந்து நிற்கும். அதில் லூயியைப் பிடித்துப்போனால் 1928இன் 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' கேளுங்கள். துணையே இல்லாமல் டிரம்பெட் தனியாக எழும் அந்தத் தொடக்கம் ஒன்று போதும். பழைய பதிவின் இரைச்சலைக் காது சீக்கிரமே மறந்துவிடும்.

பெரிய குழு, ஆட்டம், கூட்டத்தின் கூச்சல் என்றால் ட்யூக் எலிங்டன், 1956 நியூபோர்ட் விழா. பால் கொன்சால்வஸ் டெனர் சாக்ஸஃபோனில் ப்ளூஸின் 27 சுற்றுகளை விடாமல் வாசிப்பார். கூட்டம் எழுந்து ஆட ஆரம்பிப்பதை இசைக்கு அடியில் கேட்கலாம்.

மைல்ஸே 1970இல் வெளியிட்ட 'பிச்சஸ் ப்ரூ'வையும் சாக்ஸஃபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் 'த ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்' ஆல்பத்தையும் மட்டும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். ஆர்னெட்டின் ஆல்பமும் அதே 1959 மே மாதப் பதிவுதான், ஆனால் அதில் பியானோவே கிடையாது. பில் எவன்ஸ் மற்றவர்களின் சோலோக்களுக்குக் கீழே என்ன விரித்துக் கொடுத்தார் என்று காதில் பதிந்த பிறகு கேட்டால்தான், அதை எடுத்துவிட்டு வாசிக்க ஆர்னெட்டுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்தது என்பது புரியும்.